கீழ்வீட்டுக்காரர்

கல்லை இடித்துக்கொண்டிருந்த அலவாங்கு கையை விட்டுப் போய்விட்டது. கிறகோரி வெறுங்கையோடு குழிக்குள் நின்று அது போன துவாரத்தைப் பார்த்தார். தேங்காய் அளவு துவாரம். சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வெகு கீழே, தண்ணீரில் எதுவோ விழுந்தது.

"அக்கா, ஏணியைப் பிடியுங்கோ," என்றார்.

தேத்தண்ணி கொண்டுவந்த இரத்தினம்மா கோப்பையை மண்மேட்டில் வைத்துவிட்டு ஏணியைப் பிடித்தாள். அவர் ஏறிய வேகத்தில் ஏணியின் ஒரு படி கழன்றது. மேலே வந்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

"என்ன தம்பி, பாம்போ?"

"பாம்பெண்டால் அடிச்சிருப்பன். கீழை ஒண்டுமில்லை அக்கா. நிலமே இல்லை. வெறும் வெளி."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். துவாரத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. விளிம்பில் கிடந்த செம்மண் தூள் அசைந்தது. காற்று நின்றது, மறுபடியும் வந்தது. யாரோ மூச்சு விடுகிறார்கள் என்று இரத்தினம்மா நினைத்தாள்.

உரும்பிராயில் அவளுக்கு இருந்த ஒரே நிலம் இந்த இரண்டு பரப்பு. பெய்ரூட்டில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்து மகள் கீர்த்திகாவுக்கு என்று வாங்கியது. இப்போது அதில் அத்திவாரமும் இடுப்பளவு சுவரும் நின்றன. பின்பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டுத் தாயும் மகளும் இருந்தார்கள். கீர்த்திகாவின் புருசன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். வீடு எப்போது முடிந்தாலும் முடியட்டும், முதலில் கக்கூசைக் கட்டுங்கோ என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அதுவரை அவர்கள் வேலிப்பொட்டுக்குள்ளால் நுழைந்து பக்கத்து வளவுத் தம்பிராசா வீட்டுக் கக்கூசுக்குப் போய் வந்தார்கள். தம்பிராசா ஒருநாளும் மறுத்தவரில்லை. ஆனால் முற்றத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். போகிறவரையும் வருகிறவரையும் சுகம் விசாரிப்பார்.

கிறகோரி குருநகர் ஆள். கடலட்டை எடுக்கக் கடலில் மூழ்கிக் குளித்தவர். காது கெட்டுப் போனதும் கடலை விட்டுவிட்டு மேசன் வேலைக்கு வந்தார். தேத்தண்ணி முடிந்தபோது அவருடைய பயமும் முடிந்திருந்தது.

"அக்கா, யோசிச்சுப் பாத்தால் உது நல்லதுக்குத்தான். இனிக் கிண்டத் தேவையில்லை. ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கி, மேலை கொங்கிறீற் மூடியைப் போடுவம். உங்கடை பேரப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தாலும் உந்தக் கிடங்கு நிரம்பாது. கிடங்கு இறைக்கப் பவுசர் கூப்பிடுற வேலையே இல்லை."

"போறது எங்கை போகும்?"

"கீழை."

"கீழை எண்டால்?"

"கடலுக்குள்ளை போறது எங்கை போகுதெண்டு ஆரும் கேட்டதே? போகும். எங்கையோ போகும்."

பேச்சுக் குரல் கேட்டுத் தம்பிராசா வேலிப்பொட்டுக்குள்ளால் வந்தார். வெங்காயத் தோட்டத்திலிருந்து நேரே வந்ததால் காலில் சேறு இருந்தது.

"என்ன கிறகோரி, கக்கூசு வெட்டுறியோ, கிணறு வெட்டுறியோ?"

"ரெண்டையும் ஒண்டாக் கடவுள் வெட்டி வைச்சிருக்கிறார், அண்ணை. இனி இவைக்கு ஆயுளுக்கும் நிரம்பாத கிடங்கு."

"அதுக்கென்ன, என்ரையும் நிரம்பினதில்லை. வெட்டி இருபத்தைஞ்சு வருசம். பவுசர்க்காரன் என்ரை வாசல் படலையைக் கண்டதில்லை." இதை அவர் தன் கெட்டித்தனம் போலச் சொன்னார். பிறகு குனிந்து ஒரு சல்லிக்கல்லை எடுத்து துவாரத்துக்குள் போட்டுக் காதைக் கொடுத்தார். சத்தம் கேட்க நேரம் எடுத்தது. கேட்டதும் அவர் முகம் மாறியது. தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கோயில் வாசலில் செய்வது அது. இரத்தினம்மா அதைக் கண்டாள். ஏதோ நடக்கப்போகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

"உது கிடங்கில்லை, தங்கச்சி," என்றார் தம்பிராசா. "உது வாசல்."

வலிகாமத்துக்குக் கீழே முழுக்க வெளிதான் என்றார். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும் என்றார். மனிதர் வருமுன் இந்த மண்ணில் நாகர் இருந்தார்கள். மேலே இடம் இல்லாமல் போனதும் கீழே போய்விட்டார்கள். அங்கே ஊர் உண்டு, ஒழுங்கை உண்டு, அரசன் உண்டு. வெய்யில் இல்லை. அவர்களின் தலையில் உள்ள கல்தான் அங்கே வெளிச்சம்.

"அப்ப அவையும் புலம்பெயர்ந்த ஆக்கள்தான்," என்றார் கிறகோரி.

"பகிடி விடாதை."

"பகிடியில்லை அண்ணை. எங்கடை பக்கத்திலை கடலுக்கடியிலை ஒரு கோயில் கிடக்கெண்டு சொல்லுறவை. காத்து மாற முதல் மணிச் சத்தம் கேக்குமாம். எனக்கு மூக்காலை ரத்தம் வந்தது மட்டும்தான். ஆனால் கேட்டனான் எண்டு சத்தியம் பண்ணுற ஆக்கள் இருக்கினம்."

"அவைக்குக் காது இருந்திருக்கு," என்றார் தம்பிராசா. "இண்டைக்கு இனி வேலை வேண்டாம்."

பின்னேரம் ஒரு செம்பு பால் வந்தது. தம்பிராசாவின் தங்கை மீனாம்பிகை கொண்டுவந்தாள். குழியின் கரையில் நின்று கும்பிட்டு, பாலைத் துவாரத்துக்குள் ஊற்றிவிட்டுப் போனாள். மறுநாள் மண்மேட்டில் நாகதம்பிரான் படம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் படத்துக்குப் பூமாலை இருந்தது. குழிக்குள் இறங்க வேண்டாம் என்று ஒருவரும் கிறகோரிக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் வந்த போதெல்லாம் கரையில் ஆட்கள் நின்றார்கள். சாந்தை எந்தப் பக்கம் கொட்டுவது என்று தெரியாமல் அவர் திரும்பிப் போனார். கனடாவில் உள்ள ஒருவர் தொலைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டுக் கொட்டகை போட்டுத் தருவதாகச் சொன்னார். அவர் இந்த ஒழுங்கையில் பிறந்தவர். திரும்பி வந்ததே இல்லை.

கீர்த்திகா கொட்டில் வாசலில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனாம்பிகை அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "வயித்துப் பிள்ளைக்காரி வாசலுக்குக் கிட்ட இருக்கக்கூடாது, பிள்ளை. பிள்ளைப்பெறு முடியும் மட்டும் மாமி வீட்டை போய் இரும்."

"மாமி வீட்டிலை ஒரு அறை. அதுக்குள்ளை ஆறு பேர்."

"அதுக்குப் பிறகு உமக்கு வேறை இடம் பாக்கலாம்."

"என்ரை வீடு உது. அந்தா சுவர் நிக்குது, மீனாம்பிகை மாமி. கண் தெரியேல்லையே?"

மீனாம்பிகை சுவரைப் பார்த்தாள். "சுவர் நல்லதுதான். கோயில் மடத்துக்குப் பாவிக்கலாம்," என்றாள்.

அன்றைக்குத்தான் தம்பிராசா இன்னொரு விஷயத்தைச் சொன்னார். குழியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். இரத்தினம்மா கொட்டிலுக்கு வெளியே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கும் கஞ்சியை நிலத்தில் ஊற்றுமுன் அவள் உதடு அசைந்தது. தம்பிராசா கையை நீட்டிக் காட்டினார்.

"பாத்தியளே? நான் கன வருசமாப் பாக்கிறன். வேலிக்கு அங்காலை நிண்டு பாத்தனான். சுடுதண்ணி ஊத்தேக்கை ஒவ்வொரு முறையும் நிலத்தோடை ஏதோ கதைப்பா. எனக்கு அப்ப விளங்கேல்லை. இவவுக்குத் தெரிஞ்சிருக்கு. கீழை ஆக்கள் இருக்கினமெண்டு இவவுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு."

எல்லோரும் இரத்தினம்மாவைப் பார்த்தார்கள். கையில் கஞ்சிச் சட்டியோடு அவள் நின்றாள்.

அவள் உதட்டில் அசைந்த அந்தச் சொல் அவளுக்குப் பெய்ரூட்டில் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், உருளைக்கிழங்கு அவித்த தண்ணீரைக் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஊற்றினாள். வீட்டுக்காரியின் மாமியார் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று இரத்தினம்மா ஒதுங்கினாள். கிழவி அடிக்கவில்லை. தொட்டியைக் காட்டினாள், நிலத்தைக் காட்டினாள், கையைத் தாழ்த்திச் சின்னப் பிள்ளைகளின் உயரத்தைக் காட்டினாள். பாஷை கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் விஷயம் முழுவதும் விளங்கியது. கீழே ஜின்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்கும் குடும்பம், சமையல், கலியாணம், சண்டை எல்லாம் உண்டு. சொல்லாமல் சுடுதண்ணி ஊற்றினால் அவர்களின் பிள்ளைகள் வெந்துபோகும். ஆகையால் முதலில் "தஸ்தூர்" என்று சொல்ல வேண்டும். அனுமதி கேட்பது அது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு விலக அவர்களுக்கு நேரம் கொடுப்பது.

அப்போது அவளுடைய பிள்ளைகள் இருவரும் ஊரில் தமக்கையின் வீட்டில் இருந்தார்கள். மகன் சுதாகரனுக்கு ஒன்பது வயது, கீர்த்திகாவுக்கு ஐந்து. அங்கே சுடுதண்ணி ஊற்றுகிறவர்கள் பிள்ளைகள் நிற்கிறார்களா என்று பார்த்து ஊற்றுகிறார்களோ என்று அவளுக்குத் தெரியாது. அவள் தஸ்தூர் சொன்னாள். நம்பினாளா என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. வாய் பழகிவிட்டது. ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. தமிழில் சொல்லிப் பார்த்தாள், சரிவரவில்லை.

முதல் இரண்டு வருடமும் அவளுக்குப் படுக்கை அந்தக் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. தண்ணீர்த் தாங்கிகளும் பழைய கதிரைகளும் கிடந்த அறை. மேல்வீட்டுக் குழாய் ஒன்று அதற்குள்ளால் போனது. அதில் ஓர் இடத்தில் கசிவு. சோப்புத் தண்ணீரும் வேறு தண்ணீரும் துளித்துளியாக விழும். விழுந்த இடத்தில்தான் அவள் தன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்திருந்தாள். பிறகு கோப்பையை மற்றப் பக்கம் மாற்றி வைத்தாள். மேலே இருந்தவர்களுக்கு அவள் அதைச் சொல்லவில்லை.

தம்பிராசா கை நீட்டிக் காட்டிய நாளிலிருந்து ஊர் அவளிடம் வரத் தொடங்கியது. அதுவரை ஒழுங்கையில் அவளுக்குப் பெயர் பெய்ரூட் இரத்தினம். கலியாண வீடுகளில் அவளைக் குசினிப் பக்கம் விடுவார்கள். இப்போது யாரோ ஒரு கதிரை கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அதில் இருக்கச் சொன்னார்கள். ஒருத்தி திருநீறு கேட்டாள். இரத்தினம்மா மறுக்கத் தெரியாமல் பூசிவிட்டாள். மீனாம்பிகை கிட்ட வந்து, "என்ரை பெடியன்ரை விசா அலுவல் எப்ப சரிவருமெண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ அம்மா," என்றாள். போன கிழமைவரை அவள் இரத்தினம்மாவை வாடி போடி என்றுதான் கூப்பிட்டவள்.

"எனக்கென்ன தெரியும் மீனாம்பிகை?"

"அடக்கம். தெரிஞ்ச ஆக்கள் இப்பிடித்தான் கதைப்பினம்."

கதிரை வசதியாக இருந்தது. இரத்தினம்மா அதில் ஒரு முழுப் பின்னேரம் இருந்தாள்.

"இருங்கோ, நல்லா இருங்கோ," என்றாள் கீர்த்திகா, ஆட்கள் போன பிறகு. "நாளைக்கு உங்களையும் படமெடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டுவினம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவிலை நிக்கிறன்."

"ஏன் பிள்ளை கத்துறாய்?"

"கத்தாமல் என்ன செய்ய? வாயைத் திறந்து சொல்லுங்கோவன். அது அரபி, ஜின்னுக்குச் சொல்லுறது, எனக்கும் நாகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டு."

"சொன்னால் சனம் என்ன நினைக்கும்?"

"நினைக்கட்டும். நான் ஒரு நாளைக்கு எத்தினை முறை அந்தப் பொட்டுக்குள்ளாலை குனிஞ்சு போறன் தெரியுமே? வயித்தைப் பிடிச்சுக்கொண்டு. அந்த மனிசன், என்ன பிள்ளை, வயிறு சரியில்லையோ எண்டு கேக்குது. வெள்ளிக்கிழமை கூட்டமாம். வளவைக் கோயிலுக்கு எழுதித்தரச் சொல்லிக் கேக்கப் போகினமாம். நீங்கள் ஓமெண்டு தலையாட்டுவியள்."

தலையாட்டிவிடுவோம் என்று இரத்தினம்மாவுக்கே பயமாக இருந்தது. முழு ஒழுங்கையும் ஒன்றாக நின்று கேட்கும்போது இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

வியாழன் மத்தியானம் சுதாகரன் நோர்வேயில் இருந்து தொலைபேசி எடுத்தான். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வேலைக்குப் போகிற வழியில் நடந்துகொண்டே கதைப்பான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"என்னணை, ஜின் நாகமா மாறிட்டுதே?"

"சிரிக்காதை. உன்ரை தங்கச்சி சாப்பிடாமல் கிடக்கிறாள்."

"இஞ்சையும் நிலத்துக்குக் கீழை ஆக்கள் இருக்கினமணை. எங்கடை இல்லத்திலை ஒரு கிழவர். பழைய தோட்டக்காரன். அவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரே கதை. அவரின்ரை பாட்டன்ரை காலத்திலை மாடுகள் ஒவ்வொண்டாச் செத்துதாம். ஏனெண்டு தெரியேல்லை. ஒருநாள் பின்னேரம் ஒரு குள்ள மனிசன் வந்து, உன்ரை மாட்டுக் கொட்டிலை மற்றப் பக்கம் மாத்து எண்டானாம். ஏனெண்டு கேட்க, என்ரை காலுக்கு மேலை உன்ரை காலை வைச்சுப் பார் எண்டானாம். காலை வைச்ச உடனை நிலம் கண்ணாடி மாதிரித் தெரிஞ்சுதாம். கீழை ஒரு வீடு. சாப்பாட்டு மேசை. பெண்சாதி பிள்ளையள் சாப்பிட இருக்கினம். மேலை கொட்டிலிலை இருந்து மாட்டு மூத்திரம் சொட்டுச் சொட்டா மேசையிலை விழுது."

"என்ன சாப்பாடு?"

"அதை நான் கேக்கேல்லையணை. கஞ்சியாக்கும்."

"பிறகு?"

"பிறகென்ன, கொட்டிலைக் கழட்டி மற்றப் பக்கம் போட்டினம். அதுக்குப் பிறகு ஒரு மாடும் சாகேல்லை."

"கோயில் கட்டச் சொல்லிக் கேக்கேல்லையோ?"

"ஆர்?"

"கீழை இருந்தவை."

"இல்லையணை. சாப்பிடேக்கை மூத்திரம் விழாமல் இருந்தால் போதுமெண்டவை. சரி, பஸ் வந்திட்டுது. பேந்து எடுக்கிறன். தங்கச்சியைச் சாப்பிடச் சொல்லுங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு இரத்தினம்மா குழியடிக்குப் போனாள். ஒருவரும் இல்லை. துவாரத்தின் வாயில் பால் திரைந்து ஒட்டியிருந்தது. ஒரு செவ்வரத்தம்பூ கறுத்துப்போய்க் கிடந்தது. குளிர்காற்று வந்தபோது புளித்த மணமும் சேர்ந்து வந்தது. அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கரையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வளவு நிறைந்துவிட்டது. கிறகோரியும் வந்திருந்தார். வேலை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. தம்பிராசா இடுப்பில் துவாயோடு நின்று பேசினார். கனடாக்காரரின் கொட்டகையைச் சொன்னார். வருடத்தில் ஒரு பொங்கல், பிறகு தேரும் வரலாம் என்றார். இரத்தினம் தன் பிள்ளைக்கு என்று வைத்திருந்த நிலத்தை நாகதம்பிரானுக்குக் கொடுக்கப்போகிறாள், கீர்த்திகாவுக்கு ஊர் சேர்ந்து வேறு இடம் பார்க்கும் என்றார். எந்த இடம் என்று கீர்த்திகா கேட்டாள். பார்ப்போம் என்றார்.

"இனி அவவே சொல்லட்டும்," என்று தம்பிராசா திரும்பினார். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். கைமணி ஒன்று அடித்தது. அவளுக்குச் சாமி ஏறிக் கலை வரும், ஆடுவாள் என்று எல்லோரும் ஓரடி பின்னுக்கு நின்று இடம் விட்டார்கள்.

இரத்தினம்மா ஆடவில்லை. சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"நான் சுடுதண்ணிக்குச் சொல்லுறது தமிழில்லை," என்றாள். "அது அரபி. பெய்ரூட்டிலை ஒரு கிழவி பழக்கினது. ஜின்னுக்குச் சொல்லுறது. எனக்கு நாகதம்பிரானைத் தெரியாது. கும்பிடுறனான், அவ்வளவுதான். தம்பிராசா அண்ணை பிழையா நினைச்சிட்டார்."

கீர்த்திகா மூச்சை விட்டாள். தம்பிராசா சற்று யோசித்தார். பிறகு அவர் முகம் முன்னைவிடப் பிரகாசமாகியது.

"நாகத்துக்கு அரபி தெரியாதெண்டு ஆர் சொன்னது?" என்றார்.

"பாத்தியளே!" என்றாள் மீனாம்பிகை. "அங்கையும் அவவோடை வந்திருக்கு. கடல் கடந்தும் விடேல்லை."

மறுபடியும் மணி அடித்தது. கிறகோரி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொல்லியாயிற்று, அது போதவில்லை. கீர்த்திகா சுவரில் கையூன்றி நின்றாள். இரத்தினம்மா மகளின் வயிற்றைப் பார்த்தாள், பிறகு குழியைப் பார்த்தாள். பயம் இருந்ததா என்று அவள் பிறகு யோசித்ததுண்டு. அந்த நேரம் புளித்த பாலின் மணம்தான் பெரிதாக இருந்தது.

"அப்ப கேளுங்கோ," என்றாள். "கீழை இருக்கிறவைக்கு என்ன வேணுமெண்டுதானே கேக்கிறியள்? அவைக்கு உந்தப் பால் வேண்டாம்."

"என்ன?"

"பால் புளிச்சுப் போச்சு, மீனாம்பிகை. மணக்கேல்லையே உமக்கு? பூவும் அழுகிப் போச்சு. எல்லாம் அவை சாப்பிட இருக்கிற இடத்திலைதான் விழுது. அவையும் பிள்ளை குட்டியோடை இருக்கிற ஆக்கள். ஆரும் சாப்பிடேக்கை மேலை இருந்து ஏதாவது விழுந்தால் விருப்பப்படுவினமே? கொட்டகை போட்டால் இன்னும் கூட விழும். பொங்கினால் கஞ்சி விழும். என்ரை கக்கூசும் உதுக்கு மேலை வராது. கிறகோரி, நாளைக்கு உதை மூடிவிடும். கிடங்கு முன்னுக்கு, படலையடியிலை வெட்டுவம். அங்கை கல் இறுக்கமாக் கிடக்குதெண்டு நீர் முந்திச் சொன்னனீர்."

"படலையடியிலையோ?" என்றாள் கீர்த்திகா. "வீட்டுக்கு வாற ஆக்கள் முதல்லை கக்கூசைக் கண்டுகொண்டோ வாறது? உலகத்திலை ஆரும் வாசலிலை கக்கூசு கட்டுவினமே அம்மா?"

"நாங்கள் கட்டுவம்."

தம்பிராசா கையை உயர்த்தினார். "தங்கச்சி, கக்கூசை மாத்துறது நல்ல யோசினை. நாங்கள் சொல்லுறதும் அதுதான். இடம் சுத்தமா இருக்கவேணும். ஆனால் கோயில்..."

"சுத்தமெண்டால் உங்கடையும் மாத்தவேணும், அண்ணை."

"என்ரையோ?"

"இருபத்தைஞ்சு வருசமா உங்கடை கிடங்கு நிரம்பேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்ப அது இவ்வளவு நாளும் எங்கை போனது?"

தம்பிராசா கிறகோரியைப் பார்த்தார். கிறகோரி இப்போது சிரிக்கவில்லை. தம்பிராசாவின் வளவுப் பக்கம் பார்த்து மனதில் எதையோ அளந்தார்.

"ஓம் அண்ணை," என்றார். "இதே வெளிதான். அடி திறந்திருக்கு."

"எங்கடையும் அதுக்குள்ளைதான் கிடக்கு," என்றாள் இரத்தினம்மா. "நாங்களும் அங்கைதானே வந்து போறனாங்கள். உங்களை மட்டும் சொல்லேல்லை. மீனாம்பிகை, உங்கடை கிடங்குக்குப் பவுசர் எப்ப வந்தது?"

மீனாம்பிகை நிலத்தைப் பார்த்தாள். பின்வரிசையில் ஒரு பெட்டை கொடுப்புக்குள் அடக்கிச் சிரித்தாள். அவளுடைய தாய் அவளுக்கு ஒரு இடி இடித்தாள். ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டு எல்லோரும் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். ஒழுங்கையில் எந்த வீட்டுக் கிடங்கும் நிரம்பியதில்லை. அதை எல்லோரும் நல்ல மண் என்று நினைத்திருந்தார்கள்.

"அவை உப்பிடித்தான் நினைக்கினமெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று தம்பிராசா கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையே இருந்தது.

"பெய்ரூட்டிலை இரண்டு வருசம் நானும் கீழைதான் இருந்தனான்," என்றாள் இரத்தினம்மா.

கற்பூரம் அணைந்தது. மறுபடி கொளுத்த யாரும் முன்வரவில்லை. செம்பு கொண்டுவந்தவள் செம்பை எடுத்தாள். தட்டம் கொண்டுவந்தவள் தட்டத்தை எடுத்தாள். தம்பிராசா கொஞ்ச நேரம் குழியின் கரையில் நின்றார். பிறகு துவாயை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பொட்டுக்குள்ளால் போகவில்லை. படலையால் போனார்.

"கனடாக்காரனுக்கு என்ன சொல்லப் போறாரோ," என்றார் கிறகோரி.

"வடிவாச் சொல்லுவார்," என்றாள் கீர்த்திகா. "அரபியிலை."

மறுநாள் காலை கிறகோரி கம்பியும் சீமெந்தும் கொண்டு வந்தார். துவாரத்தைச் சுற்றி ஒட்டியிருந்த பாலையும் பூவையும் முதலில் கழுவி எடுத்தார். கம்பி கட்டி, பலகை வைத்து, கொங்கிறீற் போட்டு மூடினார். பழைய குழியை அதில் வெட்டிய மண்ணாலேயே நிரப்பினார்கள். மீனாம்பிகை வந்து நாகதம்பிரான் படத்தை எடுத்துக்கொண்டு போனாள். பூமாலை அவர்களுக்கு வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று கீர்த்திகா சொன்னாள். விறாந்தைக்கு விட்டிருந்த இடத்தில் பாதி கக்கூசுக்குப் போனது. வீட்டு வாசலைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்று கிறகோரி நிலத்தில் கோடு கீறிக் காட்டினார். கீர்த்திகா அந்தக் கோடு பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாள். தம்பிராசா தோட்டத்துக்குப் போகும் வழியில் படலையடியில் நின்று, வெங்காயம் கிண்டி முடிந்ததும் தன்னுடைய கிடங்கையும் வந்து பார்க்க வேண்டும் என்று கிறகோரியிடம் சொன்னார். மற்ற வீடுகளில் இருந்து ஒருவரும் வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு படலையடியில் புதுக் கிடங்கு தொடங்கியது. அங்கே கல் கடினமாக இருந்தது. பொழுது படும்போது முழங்கால் ஆழம் போயிருந்தது.